உங்கள் உடம்பின் கதையை நீங்களே எழுத

திங்கட்கிழமை காலையில் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனவர்களுக்கு எங்களைத் தெரிந்திருக்கும். குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறவர்களுக்கு மரத்தடியில் ஸ்டூல் போட்டு, மடியில் அட்டை வைத்து மனு எழுதிக் கொடுக்கிறவர்கள். பன்னிரண்டு வருடமாக நானும் அதில் ஒருத்தி. முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், பாலாற்றங்கரையில் ஆக்கிரமிப்பு, குடிதண்ணீர் வரவில்லை. ஒரு பக்கத்துக்குள் ஒரு மனுஷனின் பிரச்சினையை அடக்க வேண்டும். அதுதான் என் தொழில்.

போன சித்திரையில் பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை வந்தது. தனக்குச் சின்ன வயதில் நடந்த ஆபரேஷனின் காகிதங்கள் வேண்டும், அதற்கு மனு எழுத வேண்டும் என்றது. என்ன ஆபரேஷன் என்று கேட்டேன். சொல்லத் தயங்கியது. நான் பேனாவை மூடிவிட்டு, "எனக்கும் ஆறு வயசுல ஆபரேஷன் ஆச்சு. நான் இடைப்பாலினம்" என்று சொன்னேன். பிறப்பிலேயே உடம்பு ஆண், பெண் என்ற இரண்டு அச்சில் அடங்காதவர்களை அப்படிச் சொல்வோம். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். எழுந்து போகும்போது, "அக்கா, என்னைப் பத்தி எழுதணும். எங்க தொடங்கறது?" என்று கேட்டது. அன்றைக்கு வாயால் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என் கதையை ஆறு நோட்டுகளில் எழுதி முடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. தப்பும் நிறையச் செய்தேன். நீங்கள் அதே தப்புகளைச் செய்ய வேண்டாம்.

முதலில் காகிதம்

நினைவிலிருந்து தொடங்காதீர்கள். காகிதத்திலிருந்து தொடங்குங்கள். நம்மைப் போன்றவர்களின் கதையை நமக்கு முன்னால் வேறு யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் நமக்குப் புரியாத ஆங்கிலத்தில். அதைப் படிக்காமல் நாம் எழுதினால் பாதிக் கதைதான் வரும்.

ஆஸ்பத்திரியில் போய் "என் ஃபைல் வேணும்" என்று பொதுவாகக் கேட்டால் அலைய விடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.டி. என்று ஒரு பிரிவு உண்டு, நோயாளிகளின் பதிவேடுகள் அங்கேதான் இருக்கும். அங்கே எழுத்தில் கொடுங்கள். நான்கு காகிதங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் நோட்ஸ், பயாப்ஸி ரிப்போர்ட், சம்மதப் படிவம். இந்த நான்கில் பயாப்ஸி ரிப்போர்ட்டை விட்டுவிடாதீர்கள். உடம்பிலிருந்து ஒன்றை வெட்டி எடுத்தால் அதை லேபுக்கு அனுப்புவது வழக்கம். வீட்டாரிடம் என்ன சொல்லியிருந்தாலும், எடுத்தது என்ன என்று அந்த ரிப்போர்ட்டில் இருக்கும். சம்மதப் படிவத்தில் கையெழுத்து யாருடையது, கைநாட்டு யாருடையது என்று பாருங்கள்.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. மனுவில் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். அதே 2002 விதிமுறை, உள்நோயாளிப் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வைத்திருந்தால் போதும் என்கிறது. நமக்குக் கேட்கத் தெரிகிற வயது வரும்போது அந்த மூன்று வருடம் எப்போதோ முடிந்திருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. ஆபரேஷன் நடந்தது வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில், 1990இல். நான் போய்க் கேட்டபோது, ஃபைல் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

அதனால் வீட்டைத் தேடுங்கள். குடியாத்தத்தில் எங்கள் வீடு தறிவீடு. லுங்கித் தறி. கூடத்தில் தறிக்குப் பின்னால் அம்மாவின் தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் பழைய ரேஷன் கார்டு. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று அச்சடித்தது, அப்போது வேலூருக்கு மாவட்டப் பெயர் அதுதான். அந்தக் கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்து ஒரு மஞ்சள் காகிதம். 2013இல், என்னுடைய 29ஆவது வயதில், வீட்டு வரி ரசீது தேடும்போது கையில் கிடைத்தது. என் பெயர், வயது ஆறு, பாலினம் பெண், இருபக்கக் குடலிறக்கம். அதற்குக் கீழே நான் அதுவரை பார்த்திராத ஒரு சொல். அதை ஒவ்வோர் எழுத்தாகத் துண்டுச் சீட்டில் பார்த்து எழுதிக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் நெட் சென்டரில் தேடச் சொன்னேன். கோனடெக்டமி. ஆண் விரையையோ பெண் சூலகத்தையோ அறுத்து எடுப்பது.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அது குடலிறக்க ஆபரேஷன் சீட்டு என்றுதான் இருபத்து மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்தார். அந்தச் சொல் எங்கள் வீட்டிலேயே, தறிச் சத்தத்துக்கு நடுவில், இத்தனை நாள் இருந்திருக்கிறது.

என் உடம்பைப் பற்றி நான் இரண்டு பத்தி எழுதுவதற்கு அந்தச் சீட்டும், அப்புறம் எடுத்த குரோமோசோம் பரிசோதனையும் தேவைப்பட்டன. செல்களில் எக்ஸ்ஒய், ஆண்களுக்கு வழக்கமாக இருக்கும் குரோமோசோம் ஜோடி. உள்ளே இருந்த விரைகள் ஆண் ஹார்மோனைச் சுரந்தன, ஆனால் அதை ஏற்கும் தன்மை என் உடம்புக்கு இல்லை. அதனால் வெளித்தோற்றத்தில் பெண்ணாகப் பிறந்தேன். கருப்பை கிடையாது. விரைகளை எடுக்காமல் விட்டிருந்தால் அந்த ஹார்மோனே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறி, மருந்தில்லாமலே எனக்கு மார்பு வளர்ந்திருக்கும். எடுத்துவிட்டதால் பதினாறு வயதிலிருந்து மாத்திரை. விட்டால் எலும்பு தேயும். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் முதல் நோட்டில் எழுதியிருந்த "எனக்கு வளர்ச்சி இல்லை" என்ற வரியை அடித்தேன். வளர்ச்சி இருந்தது. எடுத்துவிட்டார்கள்.

அம்மாவைக் கேட்பது

இதுதான் கஷ்டமான வேலை. எதிரே உட்கார்ந்து, போனில் ரெக்கார்டிங் போட்டு, "ஏன்மா அப்படிச் செஞ்ச?" என்று கேட்டால் அழுவார்கள், இல்லையென்றால் எழுந்து போவார்கள். நான் முதலில் அப்படித்தான் கேட்டேன். நான்கு மாதம் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை.

கை வேலையாக இருக்கும்போது கேளுங்கள். என் அம்மா ராட்டையில் தார் சுற்றும்போது கேட்டேன். முகம் பார்க்க வேண்டியதில்லை. ராட்டை சுற்றுகிற வரைக்கும் பேச்சும் வந்தது. நூல் அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போடுவார், நானும் அங்கேயே நிறுத்திவிடுவேன். "ஏன்" என்று தொடங்காதீர்கள். "அன்னைக்கு யார் கூட வந்தாங்க? எந்த பஸ்ஸு? டாக்டர் தமிழ்ல பேசினாரா?" என்று கேளுங்கள். தேதி ஞாபகம் இருக்காது, திருவிழா ஞாபகம் இருக்கும். எங்கள் ஊரில் வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசு. "சிரசுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டேன். "சிரசு முடிஞ்சு, உங்க நைனா தறிக்கு அட்வான்ஸ் வாங்கினாரே, அந்தப் பணத்துலதான் போனோம்" என்றார். எந்தக் காகிதத்திலும் இல்லாத தகவல் அது. என் ஆபரேஷனுக்கு என் அப்பா முதலாளியிடம் கடன்பட்டிருக்கிறார். அதை வைத்து எழுதிய அத்தியாயம்தான் என் ஆறு நோட்டிலும் நன்றாக வந்தது.

ரெக்கார்டிங் வேண்டும் என்றால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நம்மைக் கேட்காமல் நம் உடம்பில் கை வைத்தார்கள் என்று எழுதப் போகிறவர்கள் நாம்.

எந்தச் சொல்லால் எழுதுவது

இடைப்பாலினம் என்று நான் எழுதுகிறேன். ஊடுபால் என்றும் ஒரு சொல் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கை ஒட்டி 2022இல் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலில் அது வந்தது. எது உங்கள் வாய்க்கு இயல்பாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் திருநங்கை, திருநம்பி என்ற சொற்களோடு கலக்க வேண்டாம். பிறப்பில் தனக்குக் குறித்த பாலினத்திலிருந்து வேறாகத் தன்னை உணர்கிறவர் திருநர். பிறக்கும்போதே குரோமோசோமோ ஹார்மோனோ உறுப்போ ஆண், பெண் என்ற இரண்டு அச்சில் அடங்காமல் இருப்பது இடைப்பால். நம்மில் சிலர் திருநராகவும் இருப்பார்கள். நான் பெண்ணாகவே இருக்கிறேன். 2019இல் வந்த திருநர் சட்டம் நம்மையும் தன் வரையறைக்குள் வைத்ததால், ஆபீஸ்களில் இந்தக் குழப்பம் தினமும் நடக்கிறது. திருநங்கைகள் போராடித் திறந்த கதவு வழியாகத்தான் நாமும் போகிறோம். அந்த நன்றியோடு, நம் சொல்லையும் நாம் வைத்துக்கொள்ளலாம்.

உங்களைக் காயப்படுத்திய சொற்களை மறைக்காமல் எழுதுங்கள், ஆனால் யார் சொன்னது, எங்கே சொன்னது என்பதோடு எழுதுங்கள். எட்டாம் வகுப்பில் எங்களை ஔவையார் பாட்டை மனப்பாடமாகச் சொல்லச் சொன்னார்கள். "கூன் குருடு செவிடு பேடு நீங்கிப் பிறத்தல் அரிது." ஆணிலும் பெண்ணிலும் சேராதவரைச் சொல்லும் பழைய சொல் பேடு. பேடு என்றால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. எனக்கு என்னைப் பற்றி அப்போது ஒன்றுமே தெரியாது. இருந்தாலும் கழுத்துப் பக்கம் சூடேறியது இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சூட்டைத்தான் எழுத வேண்டும். ஔவையாரைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருந்தேன், கிழித்துவிட்டேன்.

நம் இலக்கணத்தையும் கொஞ்சம் பாருங்கள், எழுதுகிறவருக்கு அது உதவும். "பெண்மை சுட்டிய உயர்திணை மருங்கின் ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவியும்" என்று தொல்காப்பியம், ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரை உயர்திணைக்குள் வைத்துப் பேசுகிறது. அவர்களுக்கென்று தனி விகுதி கிடையாது, உயர்திணை விகுதியோடே வரும் என்கிறது. பின்னால் வந்த நன்னூல், ஆண்பால் பெண்பால் இரண்டும் சொல்லிவிட்டு, "இருமையும் அஃறிணை அன்னவும் ஆகும்" என்று முடிக்கிறது. அதாவது "அது" என்றும் சொல்லலாம். என் பெரியம்மா வீட்டில் என்னைப் பற்றி என் காதுபட, "அது எங்க போச்சு?" என்று கேட்பார்கள். பேச்சு வழக்கில் சின்னப் பிள்ளைகளை அன்பாகவும் "அது" என்போம், நானே இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறேன். பெரியம்மா சொன்ன "அது" வேறு. இரண்டுக்கும் வித்தியாசத்தைப் படிக்கிறவருக்குக் காட்ட வேண்டும் என்றால், அந்தக் குரலையும் நேரத்தையும் எழுதிக் காட்டித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது நோட்டில் ஒன்று கண்டுபிடித்தேன். தமிழில் "நான்" என்பதற்குப் பால் இல்லை. அவன் வந்தான், அவள் வந்தாள், ஆனால் நான் வந்தேன். ஆண் எழுதினாலும் பெண் எழுதினாலும் நாம் எழுதினாலும் அதே வந்தேன். "நீ வந்தாய்" என்பதிலும் அப்படித்தான். அதனால் உங்கள் கதையைத் தன்மையில், "நான்" என்றே எழுதுங்கள். "ஒரு குழந்தை இருந்தது, அவள்..." என்று வெளியே நின்று தொடங்கினால் முதல் வரியிலேயே விகுதி உங்களைப் பிடித்துக்கொள்ளும். மற்றவர் பற்றி எழுத "அவர்" இருக்கிறது, மரியாதையும் சேர்ந்து வரும்.

எதை எழுதாமல் விடலாம்

உறுப்பின் வர்ணனை. போட்டோ. உங்களைப் பரிசோதித்தபோது எத்தனை பேர் நின்று பார்த்தார்கள் என்று எழுதுங்கள், அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று எழுத வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பேட்டி எடுக்க வருகிறவர்களின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். "அதைச் சொல்ல மாட்டேன், அடுத்த கேள்வி கேளுங்க" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்த நாட்களில் அவர் உடம்பைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. அவர் ஓடிய ஓட்டத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

பிரான்சில் எர்க்யூலின் பார்பேன் என்று ஒருவர், 1838இல் பிறந்தவர், பெண்ணாக வளர்ந்து ஆசிரியையாக வேலை பார்த்தவர். பின்னால் சட்டப்படி ஆண் என்று மாற்றிப் பதிந்தார்கள். தன் வாழ்க்கையைத் தானே எழுதிவைத்தார். 1868இல் அவர் இறந்த பிறகு அந்தக் கையெழுத்துப் பிரதி மருத்துவர்கள் கைக்குப் போய், ஒரு மருத்துவப் புத்தகத்துக்குள் நோயாளியின் குறிப்பாக அச்சானது. நூறு வருடத்துக்கு மேல் ஆகி, 1978இல்தான் மறுபடி புத்தகமாக வெளிவந்து பரவலாகப் படிக்கப்பட்டது. அவர் பிறந்த நவம்பர் 8ஆம் தேதியை இடைப்பாலினர் இன்று நினைவுநாளாக வைத்திருக்கிறோம். அவர் எழுத்துக்கு வந்த கதி உங்கள் எழுத்துக்கு வராமலிருக்க, நோட்டுக்கு இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்று நீங்கள் நம்புகிற ஒருவர் வீட்டில் இருக்கட்டும், எழுதியதைப் போட்டோ எடுத்து மெயிலுக்கும் அனுப்பி வையுங்கள்.

கூடப் பிறந்தவர்களின் பெயர், கல்யாணமான இடம், ஆஸ்பத்திரிச் சீட்டில் உள்ள எண் இதெல்லாம் வெளியிடும் பிரதியில் வேண்டாம். உங்கள் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள், அவசரமில்லை.

எழுத்து வெளியே போன பிறகு

எழுதியதைப் படித்துவிட்டு யாராவது வருவார்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் புதிதாகக் குழந்தை பெற்ற வீட்டார். அப்போது எழுத்தாளர் வேலை போய்ச் செயற்பாட்டாளர் வேலை தொடங்கிவிடும், அதற்கும் தயாராக இருங்கள்.

என் பையில் எப்போதும் ஒரு காகிதம் இருக்கும். 13.8.2019 தேதியிட்ட, மக்கள் நல்வாழ்வுத் துறையின் அரசாணை நிலை எண் 355. உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தை மாற்றி அமைக்கும் அறுவைச் சிகிச்சை செய்யக் கூடாது. அது வந்த வழி தெரிந்திருக்க வேண்டும். தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிய மறுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 22.4.2019 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்தத் திருமணத்தைப் பதியச் சொன்னதோடு, குழந்தைகளுக்கான இந்தத் தடையையும் பிறப்பிக்க அரசுக்கு உத்தரவிட்டார். கோபி சங்கர் மதுரையின் பணியைத் தீர்ப்பில் குறிப்பிட்டார். கோபி சங்கர் இடைப்பாலினர். 2011இல் சிருஷ்டி மதுரை என்ற அமைப்பைத் தொடங்கினார், 2014இல் 'மறைக்கப்பட்ட பக்கங்கள்' என்று தமிழிலேயே புத்தகம் எழுதினார், 2016 சட்டமன்றத் தேர்தலில் மதுரை வடக்கில் நின்றார். எனக்கு அதில் பெரிதாகப் படுவது அந்தப் புத்தகம் தமிழில் இருந்தது என்பதுதான். என் ஆபரேஷன் நடந்த 1990இல் அப்படி ஒரு பக்கம் எங்கள் தெருவில் யாரிடமாவது இருந்திருந்தால் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

குழந்தையோடு வருகிறவர்களிடம் மருத்துவரே வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சில குழந்தைகளுக்கு அட்ரினல் சுரப்பியில் குறை இருக்கும், உடம்பில் உப்பு தங்காது. பிறந்து இரண்டாவது வாரத்திலேயே வாந்தி, சோர்வு என்று உயிருக்கு வந்துவிடும். அதற்கு உடனே மருந்து வேண்டும், ஒரு நாளும் தள்ளக் கூடாது. உயிர் காக்கும் மருந்து வேறு, உறுப்பின் தோற்றத்தைச் சரிக்கட்டும் கத்தி வேறு. இந்த ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லிவிட்டால் அந்த அம்மா அப்பா முகத்தில் தெளிவு வரும். மனுவில் எழுதுவது போலச் சொல்லுங்கள்: ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம்.

அக்டோபர் 26ஆம் தேதி இடைப்பாலின விழிப்புணர்வு நாள். 1996இல் அமெரிக்காவின் பாஸ்டனில், குழந்தை மருத்துவர்கள் மாநாட்டு வாசலில் இடைப்பாலினர் நின்று போராடிய நாள். அன்றைக்கு உங்கள் கதையில் ஒரு பக்கத்தை ஏதாவது ஒரு கல்லூரியில், நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டக் கேட்டுப் பாருங்கள். நான் மூன்று இடங்களில் படித்திருக்கிறேன். முழுக் கதையும் வேண்டாம், ஒரு பக்கம்.

யாருக்கு முதலில் படித்துக் காட்டுவது

கதையில் வருகிறவர்களுக்கு. அச்சில் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. எனக்கு இதில் ஓர் அத்தியாயம் பயமாக இருந்தது. பதினாறு வயதாகியும் நான் வயதுக்கு வரவில்லை. தெருவில் பேச்சு. ஆரணியில் சித்தி வீட்டுக்கு என்னை அனுப்பிவிட்டு, அங்கே வயதுக்கு வந்துவிட்டாள் என்று அம்மா சொல்லிவிட்டார். பதினாறாம் நாள் வீட்டு வாசலில் பந்தல். தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வந்தார். எனக்கு மஞ்சள் நீர் ஊற்றினார்கள். நடக்காத ஒன்றுக்கு ஊரே சாப்பிட்டுப் போனது. அம்மா பொய் சொன்னார் என்று எழுதியிருந்தேன். அந்தப் பொய்யால்தான் என்னைத் தெருவில் நடக்க விட்டார்கள் என்றும் எழுதியிருந்தேன்.

ராட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் படித்தேன். பந்தல் வரும் இடத்தில் ராட்டை நின்றது. நான் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படித்தேன். அம்மா கொஞ்ச நேரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமன் எத்தினி தட்டுன்னு எழுதின?"

"இருபத்தொண்ணு."

"முப்பத்தொண்ணுடி" என்று எழுந்தார். "அந்த மொய் நோட்டு பொட்டியில கீது. இரு, எடுத்தாறேன். பார்த்து எழுது."